பச்சை முயலும் பெயர் தெரியாத பைலட்டும்

மார்வெல் நிறுவனம் 1977-ல் தொடங்கிய ஸ்டார் வார்ஸ் காமிக்ஸின் எட்டாவது இதழில் ஒரு பச்சை முயல் வருகிறது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், சிவப்பு உடுப்பு, கையில் துப்பாக்கி, வாய் நிறைய நக்கல். பெயர் ஜாக்ஸன். தொழில் கடத்தல், கூப்பிட்டால் கூலிக்குச் சண்டையும் போடும். அதே கூட்டத்தில் முள்ளம்பன்றி போல முள் எறியும் ஒருவன் இருக்கிறான். தன்னை ஜெடாய் வீரன் (படங்களில் வரும் துறவி போன்ற வாள்வீரன்) என்று நம்பிக்கொண்டு கவசமும் லைட்சேபர் என்ற ஒளிவாளுமாகத் திரியும் டான்-வான் கிஹோட்டே என்ற பெரியவர் ஒருவரும் இருக்கிறார். அவர் எந்த ஸ்பானிய நாவலிலிருந்து இறங்கி வந்தவர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுபா-3 என்ற வறண்ட கிரகத்தில், கொள்ளைக்காரர்களிடம் சிக்கித் தவிக்கும் கிராமத்தைக் காப்பாற்ற இவர்களையெல்லாம் படத்தின் நாயகர்களில் ஒருவனான கடத்தல்காரன் ஹான் சோலோ ஆள் சேர்க்கிறான். குரோசவாவின் ஏழு சாமுராய்களில் ஒருவரைக் கூட்டி எட்டாக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ரசிகர்கள் நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்த முயலைக் கிண்டலடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். ஸ்டார் வார்ஸ் என்றால் என்ன, அதில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று யாருக்குமே தெரியாத ஒரு குறுகிய காலம் இருந்தது. அந்தக் காலத்தில்தான் இப்படி ஒரு முயல் பிறக்க முடியும்.

இந்தக் காமிக்ஸ் வந்த விதமே விசித்திரம். சார்லஸ் லிப்பின்காட் என்பவர் படத்தை இயக்கிய ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்துக்கு விளம்பர, வணிக வேலைகளைப் பார்த்தவர். படம் திரைக்கு வருமுன்பே காமிக்ஸ் வாசகர்களைப் பிடித்துப் போட்டுவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. மார்வெலின் ஸ்டான் லீயிடம் போனார். அங்கே வரவேற்பு இல்லை. விண்வெளிக் கதை விற்காது என்பதுதான் அன்றைக்குக் காமிக்ஸ் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். பிறகு சுற்றி வளைத்து ராய் தாமஸைப் பிடித்தார்கள். மார்வெலின் முன்னாள் தலைமை ஆசிரியர். வாள்வீரன் கோனனின் கதைகளைக் காமிக்ஸில் வெற்றிபெறச் செய்த கை. ரால்ஃப் மக்குவாரி படத்துக்காகத் தீட்டியிருந்த வண்ண ஓவியங்களைக் காட்டினார்கள், மனிதர் விழுந்துவிட்டார். ஓவியராக ஹாவர்ட் சாய்கின். கோடி ஸ்டார்பக் என்ற அவருடைய விண்வெளிக் கொள்ளைக்காரனைப் பார்த்துவிட்டு லூகாஸ் தரப்பே கேட்டு வாங்கிய ஆள்.

முதல் ஒரு லட்சம் பிரதிகளுக்கு உரிமைத்தொகையே கிடையாது என்று மார்வெல் ஒப்பந்தம் போட்டதாக லிப்பின்காட் பின்னாளில் சொன்னார். விளம்பரம் கிடைத்தால் போதும் என்றிருந்தவர்கள் அதற்கும் சம்மதித்தார்கள். 1977 ஏப்ரலில் முதல் இதழ் கடைக்கு வந்தது, விலை 30 சென்ட். படம் மே 25-ம் தேதி. அதன் பிறகு நடந்ததை எல்லோரும் அறிவோம். முதல் இதழ் அச்சுக்கு மேல் அச்சாகப் போய் பத்து லட்சத்தைத் தாண்டியது. அப்போது பணக் கஷ்டத்தில் இருந்த மார்வெலை அந்த இரண்டு வருடங்களில் காப்பாற்றியது ஸ்டார் வார்ஸ் விற்பனைதான் என்று, 1978-ல் தலைமை ஆசிரியரான ஜிம் ஷூட்டரே எழுதியிருக்கிறார்.

சாய்கின் படத்தைப் பார்த்துவிட்டு வரையவில்லை. திரைக்கதை, கொஞ்சம் புகைப்படங்கள், மக்குவாரியின் ஓவியங்கள், இவ்வளவுதான் கையிருப்பு. அதனால் படத்தில் வெட்டப்பட்டவையும் காமிக்ஸில் பிழைத்துக்கொண்டன. டாட்டூயின் கிரகத்தில் நாயகன் லூக் ஸ்கைவாக்கரும் அவன் சிநேகிதன் பிக்ஸும் பேசும் காட்சி அதில் ஒன்று. இன்னொன்று கடத்தல் கும்பல் தலைவன் ஜப்பா. கடன் கேட்டு ஹானை வந்து பிடிக்கும் அந்தக் காட்சியைப் படமாக்கிவிட்டுத் தூக்கிப்போட்டார்கள். ஜப்பா எப்படி இருப்பான் என்பதே முடிவாகாத சமயம். எனவே காமிக்ஸில் ஜப்பா மஞ்சள் நிறத்தில், வால்ரஸ் மாதிரி ஒரு மூஞ்சியோடு, இரண்டு காலில் ஒல்லியாக நடந்து வருகிறான். 1983-ல் திரையில் மலை போல் சரிந்து கிடந்த அந்த நத்தைப் பூதத்தைப் பார்த்த காமிக்ஸ் வாசகன் என்ன நினைத்திருப்பான்!

ஆறு இதழில் படத்தின் கதை முடிந்துவிட்டது. இனிமேல்தான் சங்கடம்.

ஏழாம் இதழிலிருந்து புதுக் கதை வேண்டும். மாதாமாதம் வேண்டும். கதையின் சொந்தக்காரரோ கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து அடுத்த படத்தை யோசித்துக்கொண்டிருக்கிறார். அதில் என்ன வரும் என்று காமிக்ஸ்காரர்களுக்குச் சொல்ல மாட்டார். ஆனால் அதில் வரப்போவதற்கு முரணாக இவர்கள் எதுவும் எழுதிவிடக் கூடாது. யாரையும் கொல்ல முடியாது, யாருக்கும் கல்யாணம் பண்ணி வைக்க முடியாது, போரில் யாரும் ஜெயிக்கவும் முடியாது. பாரதத்தில் இல்லாத அல்லியை அர்ஜுனனுக்குக் கட்டி வைத்து அல்லி அரசாணி மாலை பாடியவர்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான். மதுரையில் என்ன கூத்து வேண்டுமானாலும் நடத்தலாம். போர் தொடங்கும் அன்றைக்கு அர்ஜுனன் வில்லோடு குருக்ஷேத்திரத்தில் நிற்க வேண்டும். ஆனால் அவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. வியாசர் மேற்கொண்டு எழுதிக்கொண்டிருக்கவில்லை.

தாமஸ் கண்டுபிடித்த வழி எளிமையானது. எல்லோரையும் விட்டுவிட்டு ஹானையும் அவன் கூட்டாளியான ரோமக்காரன் ச்யூபாக்காவையும் மட்டும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கிரிம்ஸன் ஜாக் என்ற கொள்ளையன் நடுவழியில் மறித்து, படத்தின் முடிவில் ஹானுக்குக் கிடைத்த வெகுமதியை மொத்தமாகப் பிடுங்கிக்கொள்கிறான். கையில் காசில்லாமல் ஒரு மூலைக் கிரகத்தில் இறங்கினால் அங்கே என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், படத்துக்கு ஒரு கீறலும் விழாது. முயல் அங்கே வந்ததுதான். பக்ஸ் பன்னியை மனதில் வைத்துச் செய்தது அது. கொள்ளைக்கூட்டத் தலைவன் செர்ஜி-எக்ஸ் அரகான்டஸ் வேறு யாருமில்லை, கேலிச்சித்திரக்காரர் செர்ஜியோ அரகோனெஸ். மீசை வரை அப்படியே.

லூகாஸ் தரப்புக்கு முயல் ரசிக்கவில்லை. தாமஸும் சில இதழ்களில் விலகிவிட்டார். இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் சொல்வது கடினம். ஆளுயர நாய் மாதிரி இருக்கும் ஒருவன் கப்பல் ஓட்டலாம், முயல் ஓட்டக் கூடாதா என்ற தாமஸின் தர்க்கம் சரிதான். ஆனால் அந்தப் பிரபஞ்சத்துக்கென்று ஒரு தொனி இருக்கிறது, அது கார்ட்டூன் இல்லை என்பதை லூகாஸ் அப்போதே பிடித்து வைத்திருந்தார். இவ்வளவுக்குப் பிறகும் அந்த நாலு இதழ்களைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு நிற்பதில்லை. கடைசியில் பூமிக்கடியிலிருந்து ஒரு ராட்சதப் பிராணி எழும்பி வர, அதை முடிக்க ஹான் லைட்சேபரைத் தூக்குகிறான். திருவிழாக் கூட்டத்தில் எழுதிய கதை போல இருக்கும்.

பிறகு வந்தவர் ஆர்ச்சி குட்வின். அமெரிக்கக் காமிக்ஸில் அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்கிற ஆளை இதுவரை நான் படித்ததில்லை. அவருக்கு வாய்த்த ஓவியர் கார்மைன் இன்ஃபன்டினோ; டிசி நிறுவனத்தில் ஃப்ளாஷுக்குப் புது உருவம் கொடுத்தவர், பிறகு அந்த நிறுவனத்தையே நடத்தியவர். பெரிய கலைஞர்தான், ஆனால் படத்தில் இருப்பது போல வரைய வேண்டும் என்ற கவலை அவருக்குத் துளியும் கிடையாது. எல்லாம் கோணம் கோணமாக இருக்கும். ஹானின் கப்பலான மில்லினியம் ஃபால்கன் பக்கத்துக்குப் பக்கம் உருமாறும். இளவரசி லியா, படத்தில் அவளாக நடித்த கேரி ஃபிஷராகவும் இருக்க மாட்டாள், முந்தின இதழின் லியாவாகவும் இருக்க மாட்டாள். பல வாசகர்களுக்கு இது பெரிய குறை. எனக்குப் பழக நாளாயிற்று. பழகிய பிறகு அந்த வேகம் பிடித்துவிட்டது. ஒரு பேனலிலாவது யாரும் சும்மா நிற்பதில்லை.

குட்வின் காலத்தில் கட்டுப்பாடு எப்படி வேலை செய்தது என்பதற்கு ஜப்பாவின் கடனைச் சொல்லலாம். 28-ம் இதழில் ஹான் எதிர்பாராமல் ஜப்பாவின் உயிரைக் காப்பாற்ற நேர்கிறது. பதிலுக்கு ஜப்பா கடனைத் தள்ளுபடி செய்து, தலைக்கு வைத்த விலையையும் எடுத்துவிடுகிறான். நல்ல கதை, நல்ல முடிவு. ஆனால் இரண்டாவது படத்தில் ஹான் இன்னும் ஜப்பாவுக்குக் கடன்காரன்! கடன் இல்லாவிட்டால் பனிக்கிரகத்திலிருந்து கிளம்புகிறேன் என்று சொல்லவும் காரணமில்லை, கூலிக்கு ஆள் பிடிக்கும் போபா ஃபெட்டுக்கு வேலையும் இல்லை. என்ன செய்வது? படத்தின் கதைக்குள் நுழைவதற்கு இரண்டே இதழ் முன்னால், 37-ல், ஜப்பா மனம் மாறிவிட்டான் என்று தகவல் வருகிறது. ஹான் ஒழித்துக்கட்டிய கிரிம்ஸன் ஜாக் இருக்கிறானே, அவனுக்குப் பின்னால் பணம் போட்டிருந்தது ஜப்பாவாம். எனவே கடன் மறுபடியும் உயிர்பெற்றுவிட்டது. முப்பது இதழுக்கு முன் தாமஸ் அவசரத்துக்கு உண்டாக்கின ஒரு கொள்ளையனை எடுத்து ஓட்டையை அடைத்திருக்கிறார் குட்வின். தையல் தெரிகிறது. ஆனாலும் தையல் என்னமோ நல்ல தையல்.

இனி வேலன்ஸ். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவனுக்காகத்தான்.

வேலன்ஸ் தலைக்கு விலை பேசி வேட்டையாடுபவன். டிராய்ட், அதாவது இயந்திர மனிதன், என்றால் ஆகாது, கண்ட இடத்தில் சுடுவான். முன்பு, படங்களில் வில்லன் தரப்பான பேரரசின் படைவீரன். குண்டுவீச்சில் பாதி உடம்பு போய், அந்தப் பாதிக்கு இயந்திரம் பொருத்தப்பட்டவன். முகத்தின் ஒரு பக்கம் தோலுக்கு அடியில் உலோகம். அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, தன் சிகிச்சைக் குறிப்புகள் இருக்கும் மருத்துவ நிலையத்தையே தாக்கி அழிக்கிறான். 16-ம் இதழில் இப்படி அறிமுகம். 27-ல் லூக்கை நேரில் பிடித்துவிடுகிறான். அங்கே லூக்கும் அவனுடைய டிராய்ட் சி-3பிஓவும் ஒருவருக்காக ஒருவர் முன்னால் வந்து நிற்பதைப் பார்க்கிறான். ஒரு மனிதன் இயந்திரத்தைத் தோழனாக நடத்துகிறான் என்பது அவன் மண்டைக்குள் ஏறவே மறுக்கிறது. சுடாமல் போய்விடுகிறான்.

29-ம் இதழ் 1979-ல் வந்தது. முதல் படத்தின் முடிவில் பேரரசின் பேராயுதமான டெத் ஸ்டாரை வெடிக்க வைத்த பைலட் யார் என்று பேரரசின் முகமூடி வில்லன் டார்த் வேடர் தேடிக்கொண்டிருக்கிறான். அது லூக் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பெயர் தெரியவில்லை. பெயரை அறிந்த ஒருவன் இருக்கிறான்: டைலர் லூசியன், போருக்குப் பயந்து கிளர்ச்சிப்படையிலிருந்து ஓடிப்போய் சென்டாரஸ் என்ற கிரகத்தின் இடிபாடுகளில் பதுங்கிக் கிடப்பவன். சுற்றிலும் அமில ஏரி. அங்கே வேடர் வருமுன் வேலன்ஸ் வந்து நிற்கிறான், பெயர் வெளியே போகாமல் தடுக்க. இருவருக்கும் சண்டை. பாதி இயந்திரம் ஒன்றும் பாதி இயந்திரம் ஒன்றும் மோதுகின்றன. யார் ஜெயிப்பார் என்பதில் சந்தேகம் இல்லை. வேலன்ஸ் ஏரிக்குள் போகிறான். தன்னை இன்னாரென்றே அறியாத ஒருவன் தனக்கு முன்னால் இப்படிச் செத்ததைப் பார்த்த கோழை லூசியன், வேடர் தன்னைத் தொடுவதற்குள் தானும் குதித்துவிடுகிறான். வேடர் வெறுங்கையோடு திரும்புகிறான். சில இதழ் கழித்து வேறு வழியில் அந்தப் பெயர் அவனுக்குக் கிடைக்கத்தான் போகிறது. அடுத்த படத்தில் அவன் லூக்கைத் தேடி அலைய வேண்டுமே. ஆக மொத்தம் வேலன்ஸின் சாவு வாங்கித் தந்தது சில மாத அவகாசம்.

அந்தப் பக்கங்களில் வேடர்தான் லூக்கின் தந்தை என்பதற்கு ஒரு சாடை கூட இல்லை. வேடருக்கு வேண்டியது ஓர் எதிரியின் பெயர், பழி தீர்க்க. ஆனால் கதை என்ன செய்திருக்கிறது பாருங்கள். பேரரசுக்கு உழைத்து, பாதி இயந்திரமாகி, தன் உடம்பையே வெறுத்துக்கொண்டு திரியும் ஒருவன், லூக் செய்த ஒரே ஒரு காரியத்தைப் பார்த்து மனம் மாறி, லூக்கைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுக்கிறான். இது மூன்றாவது படத்தில் வேடரின் முடிவு. 1983-ல் திரைக்கு வந்தது. குட்வின் அதை நாலு வருடம் முன்னாலேயே, இன்னொருவன் மேல் ஏற்றி எழுதிவிட்டார். வேடரின் கண்ணெதிரேயே நடத்தியும் விட்டார்.

இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று இருக்கிறது. 2012-ல் டிஸ்னி ஏறக்குறைய 400 கோடி டாலர் கொடுத்து லூகாஸ்ஃபிலிமை வாங்கியது. 2015 ஜனவரியில் மார்வெல் மறுபடியும் ஸ்டார் வார்ஸ் முதல் இதழ் போட்டது. கதை ஜேசன் ஆரன், ஓவியம் ஜான் காசடே. முதல் இதழுக்கு மட்டும் பத்து லட்சத்தை ஒட்டிப் பிரதிகள் போயின. கூடவே கீரன் கில்லனும் சால்வடோர் லரோக்காவும் செய்த டார்த் வேடர் தொடர். இவையும் அதே இடைவெளியில், முதல் இரண்டு படங்களுக்கு நடுவில்தான் நடக்கின்றன. இவற்றிலும் வேடர் அதே பைலட்டைத்தான் தேடுகிறான். இரண்டு தொடர்களுக்கும் பொதுவாக, ஆறாம் இதழில், போபா ஃபெட் வந்து பெயரைச் சொல்கிறான்: ஸ்கைவாக்கர். வேடர் கப்பலின் பெரிய கண்ணாடிச் சன்னலுக்கு முன் முதுகு காட்டி நிற்கிறான். பேச்சு இல்லை. கண்ணாடியில் விரிசல் ஓடுகிறது.

அந்தப் பக்கத்தைப் பார்த்து எனக்கும் சிலிர்த்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். லரோக்கா முகமூடியை அசைக்காமலே கோபத்தை வரைந்திருக்கிறார். ஆனால் அந்தச் சிலிர்ப்பு முழுக்க முழுக்க நாம் முன்பே வாங்கி வைத்திருந்த பொருள். ஆறு படம் பார்க்காத ஒருவனிடம் அந்தப் பக்கத்தைக் கொடுங்கள், கண்ணாடி ஏன் உடைகிறது என்பான். சென்டாரஸ் ஏரிக்கரையை அவனிடம் கொடுத்தால் அவனுக்கும் எல்லாம் புரியும், ஏனென்றால் அங்கே நடப்பதற்குத் தேவையான அத்தனையையும் குட்வின் தானே உண்டாக்க வேண்டியிருந்தது. மாதத்துக்கு ஒன்றாக, 17 பக்கம் 18 பக்கத்துக்குள், நியூஸ்பிரிண்ட் காகிதத்தில்.

புதிய காமிக்ஸைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கில்லனின் டாக்டர் அஃப்ரா போன்ற ஒரு பாத்திரம் பழைய தொடர் முழுவதிலும் இல்லை. அங்கேயும் கவனித்தால், புதிய தொடர்களில் உயிரோடு இருப்பது யாருக்கும் முடிவு தெரியாத அஃப்ராதான். ஹானும் லூக்கும் மரியாதையாக வந்து போகிறார்கள்.

பழைய தொடருக்கே திரும்புகிறேன். 1980-ல் இரண்டாவது படம் வந்தது. அதன் காமிக்ஸ் வடிவத்தை, 39 முதல் 44 வரை, அல் வில்லியம்சன் வரைந்தார். மொத்தத் தொடரிலும் கண்ணுக்கு அழகான பக்கங்கள் அவையே. ஆனால் படம் விட்டுப்போன நிலைமை? ஹான் கார்பனைட்டில் உறைந்து கிடக்கிறான். அடுத்த படத்துக்கு மூன்று வருடம். அதுவரை காமிக்ஸில் அவனை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. மூன்று வருடமாக எல்லோரும் அவனைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்! ஹானின் பழைய கூட்டாளி லாண்டோவைக் கொண்டு நாற்காலியை நிரப்பினார்கள், பழங்கதை என்ற சாக்கில் ஹானை அவ்வப்போது எட்டிப்பார்க்க வைத்தார்கள். டேவிட் மிக்கலினீ என்ற புதிய எழுத்தாளர் இன்னொரு டெத் ஸ்டார் கட்டலாமா என்று கேட்டார். கூடாது என்று பதில் வந்தது. ஏன் என்பது 1983-ல்தான் விளங்கியது. அவர் சளைக்கவில்லை. உருண்டையை விட்டுவிட்டு வேறு வடிவத்தில் ஒரு பேராயுதம் செய்து, அதற்கு டார்கின் என்று முதல் படத்து வில்லனின் பெயரையே வைத்துவிட்டார். 51, 52-ம் இதழ்கள். வால்ட் சைமன்சனின் ஓவியம், டாம் பால்மரின் மை. இந்த ஜோடி வந்த பிறகு கப்பல்கள் கப்பல்கள் மாதிரி ஆயின.

இந்த ஜோடியின் காலத்தில்தான் ஷைரா ப்ரீ வருகிறாள். கிளர்ச்சிப்படையின் பைலட், கெட்டிக்காரி, லூக்கோடு நெருக்கமாகிறாள். 61-ம் இதழில் லூக்கின் குழு பேரரசிடமிருந்து திருடிய டை ஃபைட்டர் என்ற போர்க்கப்பல்களில் எதிரிக்கு நடுவே நுழைகிறது. எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி, யார் நம் ஆள் என்று காட்டும் கருவி வேலை செய்யவில்லை. முதல் படத்தின் முடிவில் செய்தது போலவே லூக் கருவியை விட்டுவிட்டு ஜெடாய்களின் மாயசக்தியான ஃபோர்ஸை நம்புகிறான். ஃபோர்ஸ் எதிரி என்று காட்டிய கப்பலைச் சுடுகிறான். அது ஷைராவின் கப்பல்.

முதல் படம் கட்டியெழுப்பிய நம்பிக்கையின் அடிமடியிலேயே கைவைத்த காட்சி இது. படங்கள் இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை: ஃபோர்ஸை நம்பிச் சுட்டது தப்பாகப் போனால்? பதவி பறிபோகிறது. கூட இருந்தவர்கள் சாப்பாட்டு மேசையில் முகம் திருப்புகிறார்கள். லூக்கே தன்னைச் சந்தேகிக்கிறான். பிறகுதான் தெரிகிறது, ஷைரா பேரரசின் உளவாளி, வேடர் அனுப்பியவள். ஃபோர்ஸ் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. இந்தத் திருப்பம் வராமலே இருந்திருந்தால் இன்னும் பெரிய கதையாகியிருக்கும் என்பது என் கட்சி. ஆனால் நாயகன் கொலைகாரனாக அடுத்த படத்துக்குள் போக முடியாதே. குருக்ஷேத்திரம் காத்திருக்கிறது. ஷைரா சாகவில்லை, வேடர் அவளை இயந்திர உறுப்புகளோடு பிழைக்க வைக்கிறான், பிற்பாடு லுமியா என்ற பெயரில் ஒளிச்சாட்டையோடு வந்து நிற்கிறாள். பாதி இயந்திரமாக்கப்பட்டவர்களை இந்தத் தொடர் விடவே மாட்டேன் என்கிறது.

1983-க்குப் பிறகு நிலைமை தலைகீழ். பேரரசன் செத்தாயிற்று, வேடர் செத்தாயிற்று, அடுத்த படமும் கிடையாது. இப்போது கை அவிழ்ந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. மோத ஆளில்லை. எழுத்தாளர் ஜோ டஃபி நாகாய்கள் என்ற வெளிறிய வேற்றுக்கிரக இனத்தைக் கொண்டுவந்தார், அவர்களைத் துரத்தும் பச்சை நிற டோஃப்களைக் கொண்டுவந்தார். கடைசி இதழ்களை வரைந்த சிந்தியா மார்ட்டினின் கோடுகளில் ஜப்பானிய மாங்காவின் சாயல் அழகாக இருக்கிறது. டஃபிக்கு நகைச்சுவை நன்றாக வரும். இருந்தும் விற்பனை இறங்கி, 107-ம் இதழோடு 1986-ல் கடையைச் சாத்தினார்கள். கடைசிப் பக்கங்களில் எல்லோரும் அவசர அவசரமாகச் சமாதானம் ஆகிறார்கள், கல்யாண மண்டபத்தைக் காலி செய்யச் சொன்னது போல.

அடுத்து வந்தது 1991-ன் டார்க் எம்பயர், டார்க் ஹார்ஸ் வெளியீடு. டாம் வீச் எழுத, கேம் கென்னடி ஒவ்வொரு காட்சியையும் ஒரே நிறத்தில் முக்கி எடுத்தது போல வண்ணம் தீட்டிய ஆறு இதழ்கள். பேரரசன் தன் நகலாக வளர்த்த குளோன் உடம்பில் பிழைத்து வருகிறான், லூக் அவனுக்குச் சீடனாகிறான். பலர் கொண்டாடும் இதை நான் பாதிதான் ரசிப்பேன். எல்லாமே உச்சஸ்தாயியில் இருக்கிறது. 2014-ல் இவை எல்லாவற்றையும் சேர்த்து, நடந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை என்று லூகாஸ்ஃபிலிம் அறிவித்து ஒரு தனி அலமாரிக்கு அனுப்பியது. 2019-ல் வந்த ஒன்பதாவது படத்தில் பேரரசன் குளோன் உடம்போடு திரும்பி வந்தான். வீச்சும் கென்னடியும் இருபத்தெட்டு வருடம் முன்பே போட்டது.

அலமாரியிலிருந்து இப்படி ஒவ்வொன்றாக இறங்கி வருகின்றன. அடுபா-3 கொள்ளைக்கூட்டத்தின் பெயர் க்ளவுட்-ரைடர்ஸ்; அதை 2018-ல் ஹான் சோலோவின் தனிப்படத்தில் வேறொரு கும்பலுக்கு வைத்தார்கள். வேலன்ஸ் புதிய மார்வெல் தொடர்களில் மறு அவதாரம் எடுத்து, வேடரைக் குறிவைத்து அலைகிறான். ஜாக்ஸன் கூட 2018-ல் ஒரு சிறுவர் காமிக்ஸ் வழியாக அதிகாரபூர்வமாகிவிட்டது. 2019-ல் மார்வெல் பழைய தொடரின் 108-ம் இதழ் என்று எண் போட்டே ஒன்று வெளியிட்டது, 33 வருட இடைவெளிக்குப் பிறகு.

படிக்க நினைப்பவர்களுக்கு: பழைய தொடர் முழுவதையும் மார்வெல் 2015-ல் மூன்று தலையணைத் தொகுதிகளாகப் போட்டது, மின்வடிவிலும் கிடைக்கிறது. தொகுதியாக வாங்கினால் படுத்துக்கொண்டு படிக்காதீர்கள், மூக்கில் விழுந்தால் மூக்கு மிஞ்சாது. முதல் ஆறைத் தாண்டி விடுங்கள், அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். ஏழிலிருந்து பத்து வரை முயலுக்காக. பிறகு 16, 27, 29 மூன்றையும் ஒரே மூச்சில். 60 முதல் 63 வரை ஷைராவுக்காக. இன்ஃபன்டினோவின் ஃபால்கன் கண்ணை உறுத்தினால் இரண்டு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.